வளையம் அறுந்த பூட்டு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மதுரையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடிக் கதவுச் சாவி காணாமல் போயிற்று. மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. சங்கச் செயலாளர் நான்கு வீடுகளில் விசாரித்துப் பார்த்துவிட்டு, பொறுமையிழந்து, காவலாளியின் கையில் ஓர் ஆக்சா பிளேடைக் கொடுத்தார். அரை மணி நேரம் பல் கூசும்படி அறுத்தபின், பூட்டின் வளையம் இரண்டு கால்களிலும் துண்டாகிக் கீழே விழுந்தது. எல்லோரும் மேலே ஓட, நான் மட்டும் படிக்கட்டில் கிடந்த பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தபடி நின்றேன். அறுந்த வளையத்தின் இரண்டு அடித்துண்டுகளும் பூட்டின் உடலுக்குள் அசையாமல் இறுகியிருந்தன. காப்பதற்குக் கதவே இல்லாதபோதும் அது பூட்டியேதான் இருந்தது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போனதால், அதையும் பல் தேய்ந்த அந்த பிளேடையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கணக்குத் தணிக்கையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காகிதத்தைத் தவிர வேறெதையும் கையால் திருத்தியறியாத ஒருவன், சாவியில்லாமல் பூட்டைத் திறப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டது அந்த இரண்டு பொருள்களால்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் திறக்க முடியாது என்பதால், கீழமாசி வீதிப் பக்கம் ஓர் இரும்புக் கடையில் மலிவான பூட்டொன்றைச் சாவியோடு வாங்கிவந்து, செய்தித்தாளை விரித்து அதைப் பிரித்தேன். முதல் முயற்சியிலேயே ஒரு ஸ்பிரிங் துள்ளிப் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இன்றுவரை அது கிடைக்கவில்லை. மிஞ்சியவற்றிலிருந்து புரிந்துகொண்டது இதுதான். பூட்டின் உடலுக்குள் பித்தளை உருளை ஒன்று இருக்கிறது. நாம் சாவியை நுழைப்பது அந்த உருளையின் துளையில். சாவியோடு சேர்ந்து சுழல்வதும் அதுவே. அதைச் சுழலவிடாமல் தடுப்பவை, மேலிருந்து உருளைக்குள் இறங்கி நிற்கும் ஐந்து சிறிய பின்கள். ஒவ்வொரு பின்னும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு துண்டுகளால் ஆனது. அவற்றைத் தலைக்குமேல் இருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். கீழ்த்துண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். சரியான சாவியின் மேடுபள்ளங்கள் அவற்றை அதனதன் அளவுக்கு உயர்த்தும்போது, இரு துண்டுகளும் சந்திக்கும் இடம் ஐந்து பின்களிலும் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கிறது. அப்போது மேல்துண்டுகள் வெளியே நிற்க, கீழ்த்துண்டுகளைச் சுமந்துகொண்டு உருளை சுழல்கிறது.

மரத்தால் செய்த பின்களைக் கொண்ட, இதைப் போன்ற ஓர் அமைப்பு பண்டைய எகிப்தில் இருந்ததாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் லைனஸ் யேல் என்பவர் 1848இல் உலோகத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே பெயர் கொண்ட அவருடைய மகன் 1861இல் தட்டையான சிறிய சாவியோடு அதைச் செம்மைப்படுத்தினார். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் சாவிகளில் பெரும்பகுதி அந்த மகனின் கைவண்ணத்துக்குக் கடன்பட்டவை.

ஐந்து பின்களையும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் நிறுத்தச் சாவியால்தான் முடியும். அப்படியிருக்க, ஒற்றைக் கம்பியால் எப்படித் திறக்கிறார்கள் என்ற கேள்வி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. விடை தெரிந்தபோது, தணிக்கைக்காரன் என்ற முறையில் எனக்கு ஒருவகை அற்ப மகிழ்ச்சி ஏற்பட்டது. உருளையில் துளையிடும் இயந்திரம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், ஐந்து துளைகளும் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் விழுவதில்லை. ஒன்று மயிரிழை இடப்பக்கம் ஒதுங்கும், இன்னொன்று வலப்பக்கம் ஒதுங்கும். ஆகவே உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஐந்து பின்களும் ஒருசேர நெருக்குண்பதில்லை. ஏதோ ஒன்றுதான் முதலில் சிக்குகிறது. சிக்கியதைத் தேடிப்பிடித்து மெல்ல உயர்த்தினால், அதன் மேல்துண்டு விளிம்பைத் தாண்டிய கணத்தில் உருளை கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்கிறது. அந்தப் பின் இனிக் கீழே இறங்காது. பிறகு அடுத்தது சிக்கும். எந்த வரிசையில் சிக்கும் என்பது அந்தந்தப் பூட்டில் விழுந்த பிழையைப் பொறுத்தது. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பூட்டுகளில் ஒன்று மூன்றாவது பின்னில் தொடங்கியது, மற்றது ஐந்தாவதில் தொடங்கியது. நன்றாகச் செய்யப்பட்ட பூட்டு என்பது பிழையை மிக நன்றாக மறைத்துவைத்திருக்கும் பூட்டு, அவ்வளவுதான்.

கருவிகளை நானே செய்துகொண்டேன். விற்பனைக்குக் கிடைக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும், இதற்கென்று பணம் கொடுத்து வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லும் துணிவு இருந்திருக்காது. கையால் அறுக்கும் ஆக்சா பிளேடின் கனம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர், சாவித்துளைக்குள் புகுந்து அசைவதற்கு அதுவே ஏற்ற கனம். அதன் பற்களைத் தேய்த்து எடுத்துவிட்டு, நுனியைச் சிறு கொக்கிபோல வளைவாக அராவி, உள்ளே உரசாமல் இருக்க உப்புத்தாளால் வழுவழுப்பாக்கினேன். உருளையைத் திருப்பிப் பிடிக்க இன்னொரு கம்பி வேண்டும். கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் ரப்பருக்குள் ஓடும் மெல்லிய எஃகுப் பட்டை அதற்கு மிகப் பொருத்தமானது. மெக்கானிக் கடைக் குப்பையிலிருந்து நான்கு பட்டைகளை இலவசமாகப் பெற்று, ஒரு முனையை எல் வடிவில் மடக்கிக்கொண்டேன்.

பார்ப்பவர்கள் எல்லோரும் கொக்கியைத்தான் கவனிக்கிறார்கள். வேலையின் பாதிக்குமேல் நடப்பது அந்த மடக்கிய பட்டையில்தான். நான் தொடக்கத்தில் அதைக் கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினேன். அப்படி அழுத்தும்போது ஐந்து பின்களும் சேர்ந்து இறுகிக்கொள்வதால், எது முதலில் சிக்கியது என்பதே தெரியாமல் போகிறது. எவ்வளவு அழுத்தம் போதும் என்று சொல்லத் தெரியாமல் பல நாள் திண்டாடியபின், ஒரு மாலை அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்காட்டி விரல் வெற்றிலையின் முதுகில் போகிறது; சுண்ணாம்பு ஒட்டுகிறது, நரம்பு நசுங்குவதில்லை. அந்த அழுத்தத்தோடு பட்டையைப் பிடித்தபோதுதான் முதன்முறையாக ஒரு பின் விறைப்பாகவும் மற்ற நான்கும் தளர்வாகவும் இருப்பதை விரல் உணர்ந்தது. இரும்புக் கடையில் வாங்கிய மலிவுப் பூட்டு, ஸ்பிரிங் ஒன்று குறைந்த நான்கு பின்களோடு, பத்தொன்பதாம் நாள் திறந்துகொண்டது. யாரிடமும் சொல்லாமல் அதை மறுபடியும் பூட்டினேன்.

வீட்டில் தெரிந்தபோது வரவேற்பு அவ்வளவு நன்றாக இல்லை. "பிள்ளைக்குக் கல்யாணம் பண்ற வயசுல கன்னக்கோல் எடுக்கிறானே" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மாவின் சொல்லிலேயே என் தரப்பு வாதமும் இருந்தது. நம் ஊர்த் திருடன் பூட்டோடு மல்லுக்கட்டியவன் அல்லன். கன்னக்கோலால் சுவரில் துளையிட்டு உள்ளே போனவன். இன்றைய திருடனும் கடப்பாரையால் கதவின் கொண்டியோடு சேர்த்துப் பெயர்த்துவிட்டுப் போகிறானே தவிர, நாற்பது நிமிடம் குந்தியிருந்து ஒவ்வொரு பின்னாக உயர்த்துவதில்லை. அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில், இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் சக அறிஞர்களின் ரகசிய அலமாரிகளைத் திறந்து காட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார் என்றும் எடுத்துச் சொன்னேன். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காக இல்லையே என்று என் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தச் சண்டைக்கு நூற்றெழுபது ஆண்டு வயதாகிறது. 1851இல் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தபோது, ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர் அங்கே வந்திறங்கினார். ஆங்கிலேயர்களுக்கு அப்போது இரண்டு பூட்டுகளின்மேல் அசையாத நம்பிக்கை இருந்தது. ஒன்று, 1818இல் காப்புரிமை பெற்ற சப் நிறுவனத்தின் பூட்டு. அதில் பின்களுக்குப் பதிலாக லீவர் எனப்படும் தகடுகள் இருக்கும்; தவறான கருவியால் ஒரு லீவரை அளவுக்குமேல் தூக்கினால் பூட்டு உடனே முடங்கிக்கொண்டு, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பதைச் சொந்தக்காரருக்குக் காட்டிக்கொடுக்கும். ஹாப்ஸ் அதை ஏறக்குறைய 25 நிமிடங்களில் திறந்தார். காட்டிக்கொடுக்கும் அந்தப் பொறியையே தமக்குத் தகவல் சொல்லும் ஒற்றனாக மாற்றிக்கொண்டார். இன்னொன்று, பிக்காடில்லியில் ஜோசப் பிராமாவின் கடைச் சன்னலில் பல பத்தாண்டுகளாகத் தொங்கிய பூட்டு. திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலப் பணம்) பரிசு என்று அதன் முகத்திலேயே எழுதியிருந்தார்கள். அதைத் திறக்க அவருக்கு 16 நாள்களில் பரவிய 51 மணி நேரம் தேவைப்பட்டது. பிராமா நிறுவனத்தார் முணுமுணுத்தபடியே பரிசைக் கொடுத்தார்கள். பூட்டின் பலவீனத்தை ஊரறியச் சொல்வது திருடனுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்று அன்றும் கேட்டார்கள். திருடர்களுக்கு அது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பவர்கள் பூட்டை வாங்குபவர்கள்தான் என்பது ஹாப்ஸின் நிலைப்பாடு. எனக்கு இந்தக் கதையில் வியப்பளிப்பது 25 நிமிடம் அன்று. 51 மணி நேரம். பதினாறு நாள், ஒரே துளைக்குள், விரல் நுனியை மட்டும் நம்பி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் உலகெங்கும் இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1997இல் இதற்கென ஒரு சங்கமே தோன்றியது. நெதர்லாந்தில் தொடங்கிய டூல் என்ற அமைப்பு இன்று பல நாடுகளில் இயங்குகிறது. உனக்குச் சொந்தமல்லாத பூட்டைத் தொடாதே என்பது முதல் விதி. அதற்கு விளக்கம் தேவையில்லை. அன்றாடப் பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே, அது உன்னுடையதாக இருந்தாலும், என்பது இரண்டாவது. இதை நான் அதிகப்படியான எச்சரிக்கை என்று நினைத்தேன்.

ஆறாவது மாதத்தில், மனைவியும் மகளும் விருதுநகரில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்த நாளில், எங்கள் வாசல் கிரில் கேட்டின் பூட்டில் கைவைத்தேன். உள்ளிருந்து பூட்டிய கேட். சாவி என் சட்டைப்பையில். நான்காவது பின்னை உயர்த்தும்போது ஊசி ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கொக்கியின் நுனி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. சாவி நுழையவில்லை. இரவு எட்டரை மணிக்கு இருவரும் பட்டுப்புடவையோடும் தாம்பூலப் பையோடும் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நான் உள்ளே நின்றேன். பேருந்து நிலையத்துக்கு அருகே வேப்பமரத்தடியில் சாவி செய்பவரை மகள்தான் ஆட்டோவில் அழைத்து வந்தாள். அவர் நகைப் பட்டறையில் பயன்படுத்தும் நூல்போன்ற ரம்பத்தைத் துளையில் விட்டு, அதன் பற்களில் ஒடிந்த துண்டைச் சிக்கவைத்து, இரண்டு நிமிடத்தில் வெளியே இழுத்துவிட்டார். தெருவிளக்கில் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "கிரைண்டர்ல செவக்க விட்டுத் தண்ணியில முக்கினீங்களா சார்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அதான் கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. சூடு ஏறும் முன்னாடியே முக்கி முக்கித் தேய்க்கணும். செவந்துட்டா அந்த பிளேடைத் தூக்கிப் போட்டுறணும்." ஏன் பூட்டுக்குள் ஆக்சா பிளேடு போயிற்று என்று அவர் கேட்கவேயில்லை. நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். என் மனைவி அந்த ஒடிந்த நுனியைப் பூசை அலமாரியின் இழுப்பறையில் பத்திரப்படுத்தியிருக்கிறார். தேவைப்படும்போதெல்லாம் எடுத்துக் காட்டப்படுகிறது.

அதன்பின் என் கருவிகள் ஒடிந்ததில்லை. பயிற்சிப் பூட்டுகள் எல்லாம் வீட்டிலிருக்கும் என் அலுவலக அறையில் ஒரு மரப்பலகையில் திருகி வைக்கப்பட்டிருக்கின்றன. கருவிப் பையை வீட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்வதும் இல்லை. இரவு ரோந்துக் காவலரிடம் ஃபெயின்மனைப் பற்றி விளக்கும் நிலை எனக்கு வர வேண்டாம்.

ஒன்பது பூட்டுகள் கைவசப்பட்டபின் சற்றுத் தலைக்கனம் ஏறியிருந்த நேரத்தில் திண்டுக்கல்லுக்குப் போனேன். மதுரையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வாயைத் திறக்காதவனைத் திண்டுக்கல் பூட்டு போட்டவன் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம், ஆனால் நான் அந்தப் பூட்டு செய்யப்படுவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்களில் அதன் படம் வந்தது. நான் நுழைந்த பட்டறையில் இருந்தவர்கள் மூன்றே பேர், மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டு பாதி விலைக்கு வந்து இறங்குவதால் பையன்கள் யாரும் இதற்கு வருவதில்லை என்றார்கள். அங்கே பெரியவர் ஒருவர் சாவியை முதலில் முடித்துவைத்துக்கொண்டு, அதை உள்ளே விட்டுத் திருப்பிப் பார்த்து, பூட்டின் உட்தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடியும் பொருத்திக்கொண்டிருந்தார். இது பின் பூட்டு அன்று, லீவர் பூட்டு. நம் கடைகளில் பூட்டின் முகத்தில் 7 லீவர் என்று பொறித்திருப்பார்களே, அந்த இனம். தட்டையான தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் படிகள் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கும்போது, அவற்றில் வெட்டியிருக்கும் இடுக்குகள் ஒரே கோட்டுக்கு வந்து, உள்ளிருக்கும் தாழின் முனைக்கு வழிவிடும். இயந்திரமே பிழைசெய்யும் என்றால் கை எவ்வளவு பிழைசெய்யும் என்ற கணக்கில், ஒரு மாங்காய்ப் பூட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கணக்குத் தவறிவிட்டது. என் கொக்கியும் வைப்பர்ப் பட்டையும் அந்தத் துளைக்குள் எதையும் பற்றவே முடியவில்லை. லீவர் பூட்டில் தாழை ஒரு கம்பியால் தள்ளிப் பிடித்துக்கொண்டே இன்னொரு கம்பியால் தகடுகளைத் தூக்க வேண்டும். அதற்காகக் கனமான இரண்டு கம்பிகளை வளைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இயந்திரத்தின் பிழை பூட்டுக்குப் பூட்டு இடம் மாறினாலும், எப்போதும் ஒரே வகையானது. பழகிவிட்டால் அதன் குணம் தெரிந்துவிடும். பெரியவரின் அரம் ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாக அதே சாவிக்காகத் தேய்த்திருக்கிறது. மூன்றாவது தகடு எப்போதும் இடுக்கில் விழுந்துவிட்டதுபோல ஒரு பாவனை செய்யும், விழுந்திருக்காது. பதினான்கு மாதங்களாக அது என் பலகையில் பூட்டியபடியே தொங்குகிறது. சாவி இருக்கிறது, எடுத்துத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. சாவி என்ற சொல்லே போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது, திறவுகோல் என்பதுதான் நம்முடையது என்று வருவோரிடம் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

மொட்டைமாடிப் பூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். முதலில் கைக்கு வந்தது அதுதான் என்றாலும், மிக நீண்ட காலம் திறக்காமல் இருந்ததும் அதுதான். உருளை சில பாகை திரும்பும், இதோ திறந்துவிட்டது என்று தோன்றும், அங்கேயே நின்றுவிடும். காரணம் மிகத் தாமதமாகத்தான் விளங்கியது. அதன் மேல்துண்டுகள் நேரான தண்டுகள் அல்ல, உடுக்கை போல இடை சிறுத்தவை. தவறாக உயர்த்தினால் உருளையின் விளிம்பு அந்த இடைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு அந்தப் பின்னை மேலே தள்ளும்போது உருளை நம் விரலை எதிர்த்துப் பின்னோக்கித் திரும்பும். அப்போது பிடியைத் தளர்த்தி அதைத் திரும்ப விட வேண்டும், ஆனால் ஏற்கெனவே நின்ற பின்கள் விழும் அளவுக்கு விட்டுவிடக் கூடாது. எனக்கு இந்த அளவு பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. இதற்கிடையில் ஓர் ஆயுத பூசை வந்தது. மடிக்கணினிக்கும் மகளின் வடிவியல் பெட்டிக்கும் பக்கத்தில் என் கொக்கிகளையும் மனைவி வரிசையாக அடுக்கிச் சந்தனம் வைத்திருந்தார்; ஒடிந்த நுனிக்கும் தனியாக ஒரு பொட்டு இருந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை இரவு, உணவுக்குப்பின், வழக்கம்போல அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது, ஐந்தாவது, முதலாவது. உருளை திரும்பி நின்றது. நான்காவதைத் தள்ளியபோது அது எதிர்த்துத் திரும்பியது, விட்டேன். பிறகு மூன்றாவதும் அதேபோல எதிர்த்தது, அதையும் விட்டேன். உருளை முழுமையாகச் சுழன்று, வளையத்தின் நீண்ட அடித்துண்டு டக்கென்று மேலே எழும்பியது. காவலாளி அறுத்த இடம் இன்னும் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது. மற்றொரு சிறிய துண்டு கழன்று தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. அம்மா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னடா விழுந்தது?" என்று கேட்டார். குனிந்து துண்டைத் தேடி எடுத்து, அதன் துளையில் பொருத்தி, நீண்ட துண்டைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடியும் பூட்டினேன். அன்றிலிருந்து அது இன்னும் இரண்டாம் முறை திறக்கவில்லை.